மாணவர்கள் நடத்தும் மீடியா குழு வேலை அனுபவமாக எடுபடுமா?

கடைசிபெஞ்ச்:

வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நாங்கள் ஆறு பேர் ஒரு செட். இருவர் எடிட் செய்வார்கள், ஒருவர் கேமரா, ஒருவர் டிசைன், நான் எழுத்து, ஆறாவது ஆளுக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வரும். இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே எழுதிப் போட்டாலும் "முன் அனுபவம் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. அனுபவம் வேண்டும் என்றுதானே இன்டர்ன்ஷிப்புக்கே வருகிறோம்! வகுப்பில் எடுத்த குறும்படத்தை அனுப்பினால் "அசைன்மென்ட்தானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதனால் நாங்களே குழுவாகச் சேர்ந்து வெளியிலிருந்து வேலை பிடித்துச் செய்யலாம் என்று யோசனை. வீடியோ, போஸ்டர், பாட்காஸ்ட், எது வந்தாலும் சரி. பெயரும் லோகோவும் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டன. ஏற்கெனவே இதில் இறங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் இதை வேலை அனுபவம் என்று போட்டால் எடுபடுமா? இலவசமாகச் செய்யலாமா, காசு கேட்கலாமா? யார் தலைவர் என்பதில் இப்போதே லேசாகப் புகைகிறது. அதற்கும் ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டைம்லைன்:

எடிட்டராக இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது ஷோரீல்களை, அதாவது அவரவர் செய்த வேலைகளின் சிறு தொகுப்பு வீடியோக்களைப் பார்க்கும் வேலையும் என் தலையில்தான் விழும். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி.

லோகோவை யாரும் பார்க்கப் போவதில்லை. குழு என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்களே எழுதி, நீங்களே எடுத்து, நீங்களே கைதட்டிக்கொண்டால் அதுவும் அசைன்மென்ட்தான். மார்க் போட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் தேடுவது வேறு. அந்த வேலைக்காகக் குழுவுக்கு வெளியே யாராவது காத்திருந்தார்களா? அவருக்கு ஒரு தேதி இருந்ததா? "இது சரியில்லை, மாற்று" என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்ததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது வேலை அனுபவம். காசு வாங்கினீர்களா என்பது அடுத்த கேள்வி.

ஒரு பையன் நேர்காணலுக்கு வந்தான். நூலகம் ஒன்றுக்கு ஒரு நிமிட அறிமுக வீடியோ செய்திருந்தான். படம் சுமார்தான். "இதில் எதை மாற்றச் சொன்னார்கள்?" என்று கேட்டேன். முதல் எடிட்டைப் பார்த்த நூலகர், "கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உறுப்பினர் ஆவது எப்படி என்று எங்கேயும் வரவில்லையே" என்றாராம். ஆரம்பத்தில் வைத்திருந்த ட்ரோன் ஷாட்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் விண்ணப்பப் படிவத்தை ஒரு கை நிரப்புகிற குளோசப்பை வைத்தானாம். ட்ரோனை வாடகைக்கு எடுத்துப் பிடித்த ஷாட்டை வெட்ட மனது வருவது சாதாரணமில்லை. அவனை எடுத்துக்கொண்டோம்.

கடைசிபெஞ்ச்:

நன்றி அண்ணா. தம்பி இல்லை, தங்கை :)

நிழல்முகம்:

> காசு வாங்கினீர்களா என்பது அடுத்த கேள்வி

அது எப்படி அடுத்த கேள்வியாகும்? "உங்களுக்கு அனுபவம், எங்களுக்கு வீடியோ" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை ஓசியில் வேலை வாங்கிவிட்டார்கள். மாணவர் குழு என்று தெரிந்ததும் முதலில் வந்து நிற்பது யார் தெரியுமா? காசு கொடுத்து ஆள் வைக்க வசதி உள்ளவர்கள்தான்.

2010இல் வெளியான 'பிளாக் ஸ்வான்' படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களைச் சம்பளம் பெறவேண்டிய ஊழியர்களாகத்தான் கருதவேண்டும் என்று 2013இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2015இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, இந்த ஏற்பாட்டில் முக்கியமாக நன்மை அடைவது யார் என்று பார்க்க வேண்டும் என ஆனது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. ஒவ்வொரு வேலையையும் ஏற்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். லாபத்துக்கு நடத்தும் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்து கொடுத்தால் நன்மை அவருக்கு. அங்கே காசு கேளுங்கள், குறைவாகவாவது கேளுங்கள். தர மனமில்லாதவர் பத்துத் தடவை மாற்றச் சொல்வார், ஏனென்றால் உங்கள் நேரம் அவருக்குச் செலவே இல்லை.

டைம்லைன்:

நிழல்முகம் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. இலவசம் என்றால் லாப நோக்கம் இல்லாத இடத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காசு வாங்கிய வேலை எல்லாம் அனுபவம் ஆகிவிடாது. சொந்தக்காரர் வீட்டு விழாவை எடுத்துக் கொடுத்து, அவரும் அன்போடு ஒரு தொகை கொடுத்து, ஒரு ஷாட்டைக்கூடக் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டால் அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

இலவசமாகச் செய்தாலும் பில் போடுங்கள். முழுத் தொகையை எழுதி, கீழே முழுத் தள்ளுபடி என்று போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு விலை போடும் பழக்கம் வரும், வாங்குகிறவருக்கும் என்ன கிடைத்தது என்று தெரியும். திருத்தங்கள் எத்தனை முறை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு முறை என்று வைப்பதுதான் பரவலான வழக்கம். "ஃபைனல்", "ஃபைனல் 2", "நிஜ ஃபைனல்" என்று கோப்புகள் பெருகுவது அங்கேதான் தடுக்கப்படும்.

தொண்டர்:

நான் மறுபக்கத்து ஆள். ரத்ததானத்துக்கு ஆள் திரட்டும் சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். மாணவர்களிடம் வேலை வாங்கியிருக்கிறோம். நன்றாகவும் செய்தார்கள், நடுவில் காணாமலும் போனார்கள்.

காணாமல் போவது ஏன் என்று பிறகு புரிந்தது. தேர்வு. அதில் தப்பே இல்லை. ஆனால் வேலையை ஒத்துக்கொள்ளும்போதே தேர்வு தேதி அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. "இந்த மாதம் எங்களால் முடியாது" என்று முதல் நாளே சொன்னால் முகாமை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். சொல்லாமல் விட்டு, முகாமுக்கு முந்தின நாள் போனை எடுக்காமல் இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, போஸ்டரை ஜேபெக்காக மட்டும் தருவார்கள். அடுத்த முகாமுக்குத் தேதியை மாற்ற வேண்டும் என்றால் டிசைன் செய்தவரைத் தேட வேண்டும். அவர் படிப்பு முடித்துப் போயிருப்பார். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எந்த எழுத்துரு என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஏற்றி லிங்க் அனுப்புவதும் வேண்டாம். அவர் இடத்தைக் காலி செய்ய அழித்தால் எங்கள் வீடியோவும் போய்விடும்.

ரெண்டர்பார்:

கல்லூரியில் இப்படி ஒரு குழுவில் இருந்தேன், கடைசி ஆண்டில் அது உடைந்தது. தலைவர் பிரச்சினை பற்றி நான் பேசலாம்.

குழுவுக்குத் தலைவர் வேண்டாம். வேலைக்குத் தலைவர் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் தயாரிப்பாளர். க்ளையண்டோடு பேசுவது அவர் மட்டுமே. தேதி, பட்டியல், பணம், கால் ஷீட் (யார் எப்போது எங்கே வரவேண்டும் என்ற தாள்) எல்லாம் அவர் கையில். படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் முடிவெடுப்பவர் இன்னொருவர், இயக்குநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் இருவரும் மாறிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆளாளுக்கு க்ளையண்டுக்கு வாட்ஸப் அனுப்பினார்கள். ஒருவர் "திங்கள் தருகிறோம்" என்றார், இன்னொருவர் "வெள்ளி ஆகும்" என்றார், அவர் இருவரையும் நம்பாமல் மூன்றாமவருக்குப் போன் போட்டார்.

உடைந்ததற்குக் காரணம் அதுகூட இல்லை, பெயர். ஒரு வீடியோ நன்றாகப் போனது. ஆறு பேரும் தங்கள் போர்ட்ஃபோலியோவில் "இயக்கம்" என்று போட்டுக்கொண்டார்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஷூட்டுக்கு முன்பே, எடிட் முடிந்த பிறகு அல்ல, யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் ஒருவர் கை மாறினால் தாளையும் மாற்றுங்கள். ரெஸ்யூமேயிலும் அதே சொற்கள். "ஆறு பேர் குழுவில் எடிட் என்னுடையது, நிறத் திருத்தம் வேறொருவர்" என்று எழுதுபவரைத்தான் நம்பத் தோன்றும்.

சிசிபை:

ரெண்டர்பார் சொன்ன பெயர் விவகாரம் வெறும் மனஸ்தாபம் இல்லை. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை 1886இல் வந்தது. அதில் 1928இல் சேர்த்த ஒரு பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் "இதைப் படைத்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது. இன்று பெரும்பாலான நாடுகள் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. பதிவு எதுவும் செய்யாமலே, படைத்தவுடன் பதிப்புரிமை வந்துவிடும் என்பதும் அதே உடன்படிக்கையின் அடிப்படைதான். அதனால் எழுத்தில் எதுவும் இல்லை என்றால் ஸ்கிரிப்ட் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது, இசை மூன்றாமவருடையது என்று சிதறிக் கிடக்கும். க்ளையண்டுக்கு எதைப் பயன்படுத்த அனுமதி, எங்கே, எவ்வளவு காலம், நீங்கள் உங்கள் ஷோரீலில் காட்டலாமா: இந்த நான்கையும் நாலு வரியில் எழுதி ஒரு மின்னஞ்சலாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள்.

மாணவர் குழுக்கள் அதிகம் மாட்டுவது இசையில். "கிரியேட்டிவ் காமன்ஸ்தானே, இலவசம்தானே" என்பார்கள். படைப்பாளியே சில நிபந்தனைகளோடு மற்றவர்களுக்குத் தரும் பொது உரிமம் அது. அதில் பல வகை உண்டு. வணிக நோக்கம் கூடாது என்ற உரிமம் உள்ள பாட்டை, நீங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கும் விளம்பரத்தில்கூடப் போட முடியாது. நீங்கள் காசு வாங்கவில்லை என்றாலும் பயன்பாடு வணிகம்தானே. மாற்றம் செய்யக்கூடாது என்ற வகையை எந்த வீடியோவிலும் வைக்க முடியாது, ஏனென்றால் இசையைப் படத்தோடு ஒட்டுவதையே அந்த உரிமம் மாற்றம் என்று கணக்கில் எடுக்கிறது. இது பல எடிட்டர்களுக்கே தெரியாது. பெயர் மட்டும் போட்டால் போதும் என்ற வகை, அல்லது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்த சீரோ வகை, இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

மென்பொருளுக்கும் இதே கதை. மாயா போன்ற முப்பரிமாண மென்பொருள்களைத் தரும் ஆட்டோடெஸ்க்கின் கல்வி உரிமத்தில் க்ளையண்ட் வேலை செய்யக்கூடாது. விஷுவல் எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஹௌடினியின் இலவசப் பயிற்சிப் பதிப்பும் அப்படித்தான். பிளெண்டர், கேடென்லைவ், ஆடாசிட்டி, இங்க்ஸ்கேப் இவற்றில் அந்தத் தொல்லை இல்லை. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் காசு வாங்கும் வேலை செய்யலாம். கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பிக்சல்பாய்:

எல்லாம் சரி, கேமரா என்ன வைத்திருக்கிறீர்கள்? ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) இல்லாமல் க்ளையண்ட் வேலைக்குப் போகாதீர்கள். கேவலமாக இருக்கும்.

மைக்செக்:

போன் போதும். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் அடுத்த நொடி நகர்ந்துவிடுவார்கள். கையில் காசு இருந்தால் முதலில் ஒரு காலர் மைக் வாங்குங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, நிலையாக வைக்காது. நொடிக்கு 30 என்று அமைத்திருந்தாலும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மைக்கைத் தனி ரெக்கார்டரில் பதிந்து, நீளமான நேர்காணலை டைம்லைனில் போட்டுப் பாருங்கள். ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் தட்டும் கைதட்டலில் உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தும். போகப்போக விலகி, கடைசிப் பதிலில் அவர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். எடிட்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஃபுட்டேஜை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொடுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஷூட்டின் முடிவிலும் ஒருமுறை கைதட்டுங்கள், விலகல் இருந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அரை நிமிடம் வாயை மூடச் சொல்லி அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். வெட்டின இடத்தில் ஒலி பொத்தென்று விழாமல் இருக்க அதுதான் ஒட்டுப் போடும். சிரிப்பார்கள். சிரித்தாலும் பதியுங்கள்.

டைம்லைன்:

மைக்செக்குக்கு ஒரு டீ. கேமராக்காரருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120. போனைத் தானியங்கியில் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளும், படம் முழுக்கப் பட்டை பட்டையாகத் துடிக்கும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பிக்சல்பாய்:

போனில் எடுத்த படத்தில் டெப்த் (பின்னணி மங்கித் தெரியும் ஆழம்) எங்கே வரும்? சென்சார் சைஸ் பற்றித் தெரியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

காவலாளி (மட்டுறுத்துநர்):

கேமரா சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். இங்கே கேள்வி கேட்ட மாணவிக்குப் பயன்படுவதை மட்டும் எழுதுங்கள்.

எதிர்க்காற்று:

ஏஐ ஒரே வரியில் வீடியோ செய்து தரும் காலத்தில் ஆறு பேர் குழு எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே?

டைம்லைன்:

அந்த நூலகருக்கு அவர் நூலகத்தின் படிவம் வேண்டியிருந்தது. ஏதோ ஒரு நூலகத்தின் படிவம் இல்லை. கருவி எதுவோ அதைப் பயன்படுத்தட்டும், க்ளையண்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பயன்படுத்தட்டும். எதைச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டு வாங்குவதுதான் வேலையில் பாதி. அதற்கு ஆள்தான் போக வேண்டும்.

கரும்பலகை:

நான் ஊடகத்துறை ஆசிரியர். மாணவர்கள் தாங்களே நடத்தும் ஊடகம் புதிதல்ல. யேல் பல்கலைக்கழக மாணவர் நாளிதழ் 1878இல் தொடங்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1964இல் ஒரு தொலைக்காட்சியே தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் எல்லாரும் சில ஆண்டுகளில் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், அமைப்பு நின்றது. எப்படி? கைமாற்றித் தருவதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார்கள். கடைசி ஆண்டுக்காரர் பொறுப்பைத் தன் கையிலேயே வைத்திருக்காமல், ஆண்டு முடியும் முன்பே இளையவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆறு பேரும் ஒரே வகுப்பு என்கிறீர்கள். ஒரே நாளில் ஆறு பேரும் வெளியேறுவீர்கள். முதலாண்டு மாணவர் இரண்டு பேரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிள் சுற்றட்டும், கற்றுக்கொள்ளட்டும்.

கல்லூரிக் கேமராவை எடுத்துக்கொண்டு வெளி வேலைக்குப் போகும் முன் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லென்ஸ் விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். கல்லூரிப் பெயரைக் குழுவின் பெயரில் ஒட்டாதீர்கள், அதற்கு வேறு அனுமதி வேண்டும். படத்தில் வருபவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதைப் பழக்கமாக்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. இதில் சமரசமே வேண்டாம்.

நிழல்முகம்:

> கேபிள் சுற்றட்டும், கற்றுக்கொள்ளட்டும்

சார், நான் மேலே திட்டியதே இந்த வாக்கியத்தைத்தான் :) இரண்டு வேலைக்குப் பிறகும் அவர் கேபிளே சுற்றிக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன நன்மை? மூன்றாவது வேலையில் அவருக்கு ஒரு கேமராவாவது, ஒரு சின்ன எடிட்டாவது போக வேண்டும். குழுவுக்குள்ளேயே ஓசி உழைப்பு வளர்ந்துவிடக்கூடாது.

கரும்பலகை:

ஒப்புக்கொள்கிறேன். அதையும் யார் என்ன செய்கிறார்கள் என்ற தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆறு பேரும் உட்கார்ந்து இந்த இழையை மேலிருந்து கீழே படித்தோம். லோகோ விவாதத்தைக் கைவிட்டுவிட்டோம் (டிசைன் செய்தவன் கோபத்தில் இருக்கிறான், போகட்டும்). தொண்டர் அண்ணாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன், முகாமுக்காக ஒரு வீடியோ செய்யச் சம்மதித்திருக்கிறார். அவர்கள் லாபத்துக்கு நடத்தவில்லை, அதனால் இலவசம், பில்லில் முழுத் தள்ளுபடி. எங்கள் முதல் ப்ரீஃப் (என்ன செய்யப் போகிறோம், யாருக்காக என்ற குறிப்பு) இது, குறை சொல்லுங்கள்:

"நோக்கம்: இளைஞர்களிடையே ரத்ததானம் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துதல். பார்வையாளர்: பொதுமக்கள், குறிப்பாக இளைஞர்கள். நீளம்: மூன்று முதல் ஐந்து நிமிடம். பாணி: உணர்வுபூர்வமாக, சினிமா தரத்தில்."

டைம்லைன்:

விழிப்புணர்வு என்று எழுதினால் நான் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவேன். ரத்ததானம் நல்லது என்று தெரியாதவர் யார்? பார்த்து முடித்தவர் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பார்வையாளர் பொதுமக்கள் என்றால் யாருமே இல்லை என்று அர்த்தம். சினிமா தரம் என்பதை எப்படி அளப்பீர்கள்? அதை வெட்டுங்கள். தொண்டரிடமே கேளுங்கள், ஆட்கள் எந்த இடத்தில் பின்வாங்குகிறார்கள் என்று.

தொண்டர்:

நல்ல கேள்வி. பெயர் கொடுப்பவர்கள் நிறைய. வாசல்வரை வந்துவிட்டு, முதல் முறை கொடுப்பவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஊசி பயம், மயக்கம் வருமோ என்ற பயம், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத பயம். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: படிவம், எடை, ரத்த அழுத்தம், விரலில் ஒரு குத்து வைத்து ஹீமோகுளோபின் சோதனை, பிறகு படுக்கை. ஊசி போட்டபின் ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம் போல ஆகும். அளவு 350 அல்லது 450 மில்லி. எழுந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டுப் போகலாம். இதை முன்கூட்டியே கண்ணால் பார்த்தவர் திரும்பிப் போவதில்லை.

டைம்லைன்:

ஸ்கிரிப்ட் வந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச்:

திருத்திய ப்ரீஃப்:

"முதல் முறை ரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்துவிட்டு இன்னும் தயங்குபவருக்கானது. பார்த்து முடித்ததும் முகாமுக்கு வந்து படுக்கையில் படுக்க வேண்டும், பாதியில் திரும்பக்கூடாது. வாசலில் நுழைவதிலிருந்து வெளியே வருவது வரை ஒரு கொடையாளியோடு கேமரா போகும். வர்ணனை இல்லை, அவர் பேசுவது மட்டும். ஒன்றரை நிமிடம். பதிவு செய்தவர்களுக்குப் போனில் அனுப்பப்படும், அதனால் 9:16, நிமிர்ந்த வடிவம். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகச் சப்டைட்டில் படத்திலேயே. மருத்துவத் தகவல் எல்லாவற்றையும் முகாம் மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளியீடு. திருத்தம் இரண்டு முறை. தயாரிப்பு: நான். இயக்கம்: கேமராக்காரர்."

தயாரிப்பு என் தலையில் விழுந்தது எழுத்துக்காரி என்பதால், யாரும் போட்டிக்கு வரவில்லை.

சிசிபை:

நன்றாக இருக்கிறது. சப்டைட்டில் எழுத்துருவை முதலிலேயே சோதியுங்கள். சில எடிட்டிங் மென்பொருளில் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறிப் போய் நிற்கும், கடைசி நாளில் கண்டுபிடித்தால் அழுகை வரும். "கொடையாளி", "போகலாம்" என்று இரண்டு சொல்லை அடித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 என்பது இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்லும் அளவு. வெள்ளை எழுத்தை வெள்ளைச் சுவர் மேல் போட்டுவிடாதீர்கள், மருத்துவமனைச் சுவர் எல்லாம் வெள்ளைதான்.

ரெண்டர்பார்:

எடிட் யார் என்று எழுதவில்லையே. இரண்டு எடிட்டர் இருக்கிறார்கள் என்றீர்கள். புகைவது அங்கேதான்.

கடைசிபெஞ்ச்:

அண்ணா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இருவருமே நான்தான் என்கிறார்கள்.

ரெண்டர்பார்:

48 மணி நேரத்தில் குறும்படம் எடுக்கும் போட்டி ஒன்று 2001இல் வாஷிங்டனில் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. படத்தின் வகையைச் சீட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் மூன்றையும் அவர்களே கொடுப்பார்கள், ஒரே வார இறுதியில் எழுதி எடுத்து முடித்துக் கொடுக்க வேண்டும். போட்டியில் சேர வேண்டாம், அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு முன்னால் ஒரு வார இறுதி. ஒருவர் எடிட் செய்யட்டும், மற்றவர் ஒலியும் சப்டைட்டிலும். இரவு இரண்டு மணிக்கு ரெண்டர் (எடிட்டை இறுதி வீடியோ கோப்பாக்குவது) பாதியில் நின்றால் யார் கத்துகிறார், யார் அமைதியாக ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். முகாம் வேலையை அதன்பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

மைக்செக்:

ஃபுட்டேஜ் நகல் மூன்று இருக்கட்டும், இரண்டு வேறுவேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். முகாமைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. கார்டை அன்றைக்கே அழிக்கிறவர் யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிடுங்கள்.

தொண்டர்:

ரத்தம் எடுக்கும் அறைக்குள் கேமரா வர மருத்துவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார். முதல் முறை கொடுக்கும் ஒருவர் சம்மதித்தால் அவர் எண்ணைத் தருகிறேன், ஆனால் ஒப்புதல் படிவம் உங்கள் பொறுப்பு. கடைசி நேரத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று அவரைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு, அதனால் இன்னொருவரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேர்வு எப்போது?

கடைசிபெஞ்ச்:

முகாம் முடிந்து மூன்றாவது வாரம் தொடங்குகிறது. முதல் எடிட் முகாம் முடிந்த அடுத்த ஞாயிறு, இறுதி வடிவம் அதற்கு அடுத்த ஞாயிறு. இந்த முகாமுக்கு உதவாது, அடுத்த முகாமுக்குத்தான். அது சரிதானே அண்ணா? சரி என்றால் இதையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுகிறேன், ஒப்புதல் படிவமும் கூட வரும்.

தொண்டர்:

சரி. அனுப்பு தங்கச்சி. படிவத்தை ஒரு பக்கத்துக்குள் முடி, படுக்கையில் படுத்துக்கொண்டு யாரும் இரண்டு பக்கம் படிக்கமாட்டார்கள்.